ஏழாம் பிளாக்கில் இறங்கிய கொடி

சார்,

போன வெள்ளிக்கிழமை என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நான் வேட்டியை அவிழ்த்து வீசவில்லை, அவ்வளவுதான். மற்ற மானம் எல்லாம் போய்விட்டது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பையனின் அப்பா பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர். கையில் காப்பி டம்ளரோடு, "பையனுக்கு மின்சார இலாகாவுல வேலைங்க. பெர்மனென்ட்டுங்க. கடைசீல பென்சனும் வருமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தெற்கே மலையோரத்தில் இரைச்சல் கேட்டது. இப்போதெல்லாம் மழை விட்ட பிறகும் ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்கிறார்கள், அதுவும் ஹெலிகாப்டரில். அது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. எழுந்து களத்துக்கு ஓடி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஓடிய ஓட்டத்தில் என் முழங்கை பட்டு, சம்பந்தி ஆகப்போகிறவரின் சட்டையெல்லாம் காப்பி.

"ஏனுங்க, மாமன் ஆரைக் கூப்படறாருங்க?" என்று பையனின் தங்கை கேட்டாள்.

என் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "அவரு மேல போறவிங்களுக்கு வழி காட்டுவாரு கண்ணு. கீழ இருக்கறவிங்களுக்குத்தான் காட்டத் தெரியாது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மானத்தை மீட்க, ஒரு காலத்தில் மருந்து விமானத்துக்குக் கொடி பிடித்த கதையைச் சொன்னேன். சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படீங்களா? எம் பையனுக்குச் சித்திரபுரத்துலதானுங்க வேலை. அவன் இருக்கற குவார்ட்டர்ஸுக்கு மேல, மேட்டு ஊட்டுல ஒரு பைலட்டு இருந்தாருங்க. ரிட்டயர் ஆனவரு. ஆடி மாசம் தவறிட்டாருங்க" என்றார்.

துண்டு என் கையிலேயே இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

இந்த வருஷம் சித்திரபுரத்திலிருந்து நீங்கள் தேயிலைப் பொட்டலத்தோடு வரவில்லையே என்று நினைத்திருந்தேன். மலையில் மழை முந்திக்கொண்டிருக்கும், பஸ் ஓடாது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன், கடிதம் எழுதுவதென்றால் மாட்டுக்கு லாடம் கட்டுகிற மாதிரி எனக்கு. ஆனாலும் எழுதுகிறேன். இனிமேல் நீங்கள் என் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்கிற தைரியம்தான்.

எமர்ஜென்சிக்கு முந்திய கோடைகள் அவை. எங்கள் நிலம் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. தலைமடைக்காரன் வயலில் தவளை நீந்தும்போது எங்கள் வயலில் தவளை நடந்து போகும். வெயில் காலத்தில் வேறு வேலை தேடியாக வேண்டும். அப்படித்தான் மருந்தடிக்கிற விமானக் கம்பெனியில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்களுக்கு, வைகாசிப் பாதியில் தொடங்குகிற எடவப்பாதி மழை விழுவதற்குள் மருந்து அடித்தாக வேண்டும். இல்லையென்றால் மழையில் இலையெல்லாம் அழுகி உதிர்ந்துவிடும். சமவெளியில் பொட்டல் ஒன்றைச் சமப்படுத்தி விமானம் இறங்க இடம் செய்திருந்தார்கள். ஓலைக் கொட்டகைதான் ஆபீஸ்.

என் வேலை நீண்ட மூங்கிலில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தின் ஓரத்து மேட்டில் நிற்பது. கொடியைக் குறி வைத்து விமானம் தாழ்ந்து வந்து, மருந்தைத் தூவிவிட்டு என் தலைக்கு மேலே ஏறிப் போகும். நான் சில எட்டு தள்ளிப் போய் மறுபடி நிற்பேன். மறுபடி வரும். ரப்பர் மரத்துக்கு விழுந்ததில் கொஞ்சம் எனக்கும் விழும். துரிசு என்கிற மயில்துத்தம் கலந்த எண்ணெய். சாயங்காலம் வீடு திரும்பினால் தலைமுடி கிளிப்பச்சையாக இருக்கும். எருமை என்னைப் பார்த்துக் கயிற்றை அறுத்தது. வீட்டுக்காரி, "கெணத்துமேட்டுல குளிச்சுப்போட்டு வாங்க. இல்லீன்னா கூண்டுல அடைச்சுப்போடுவேன்" என்பாள்.

முதல் நாள் நீங்கள் விமானத்திலிருந்து இறங்கி, என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். ஐம்பதைத் தாண்டிய ஆள், நெற்றியில் கண்ணாடி, கையில் பீடி. பைலட் என்றால் சிகரெட் என்று நினைத்திருந்தேன்.

"என்ன வே கொடிக்காரரே, நான் வரும்போது கண்ண மூடிக்கிட்டு நின்னீரே?"

"பயமா இருந்துச்சுங்க சார்."

"எனக்கும்தான் பயம். ரெண்டு பேரும் கண்ண மூடினா எப்படி? இனிமே நீரு தெறந்து வையும்."

நான் திறந்து வைத்தேன். அதனால்தான் பிறகு எல்லாவற்றையும் பார்க்க நேர்ந்தது.

முகாமில் பைலட்டுகள் இரண்டே பேர். இன்னொருவர் கல்பாத்திக்காரர் மணி. முப்பது வயதுகூட நிரம்பாதவர். கம்பெனியில் உங்களுக்கு முன்பே சேர்ந்தவர், ஆகவே சீனியர். கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. சாயங்காலம் டீ வந்ததும் மறுநாள் அடிக்க வேண்டிய பிளாக்குகளை அதில் எழுதுவார்கள். சீனியர் முதலில் எடுப்பார். மிச்சம் இருப்பது ஜூனியருக்கு. மணி சமதரைப் பிளாக்கை, அதுவும் காற்றில்லாத விடியற்காலையைப் பார்த்து எடுப்பார். அதில் நேர்கோட்டில் நெடுநேரம் பறக்கலாம், பறக்கிற நேரத்துக்குத் தகுந்த படியும் கிடைக்கும். உங்களுக்கு மிஞ்சுவது மலை இடுக்குப் பள்ளங்கள். நேரமும் வெயில் ஏறியதற்கு அப்புறம். திரும்பத் திரும்ப வளைந்து ஏறுவதிலேயே பொழுது போகும். ஆபத்து அதிகம், படி குறைவு.

"எங்க கால்வா மாதரயே இருக்குதுங்க சார். நீங்க கடைமட" என்றேன் ஒரு நாள் ஜீப்பில் வரும்போது.

"கடைமடையெல்லாம் இல்ல வே. நான் நின்ன மட தலைமடையாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ கால்வாயத் திருப்பி வெட்டிட்டானுவ."

அன்றைக்குத்தான் உங்கள் கதை தெரிந்தது. பள்ளிவாசல் பவர்ஹவுஸ் வேலைக்கு வந்து சித்திரபுரத்தில் தங்கிவிட்ட தொழிலாளியின் மகன் நீங்கள். விமானம் ஓட்டப் படித்து, பயணிகளை ஏற்றுகிற சின்னக் கம்பெனி ஒன்றில் கேப்டனாக இருந்தீர்கள். அந்தக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கியவர்கள் தங்கள் ஆட்களை முதலில் வரிசைப்படுத்தி, உங்களையெல்லாம் வாலில் கட்டினார்கள். பழைய வருஷங்கள் கணக்கில் இல்லை. கேப்டனின் இடது நாற்காலியில் உட்கார்ந்தவர் உதவி பைலட்டின் வலது நாற்காலிக்கு மாறினீர்கள். நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆளே உங்களுக்கு கேப்டனாக வந்து உட்கார்ந்தான்.

"பல வருஷம் வாய மூடிட்டு வலது பக்கம் உக்காந்தேன் வே. ஒரு நாள் மழைக்குள்ள எறங்காதடேன்னு சத்தமாச் சொல்லிட்டேன். பயணிகளுக்கும் கேட்டுட்டு. சொன்னது சரிதான், எல்லாருக்கும் தெரியும். ஆனா வரிசைய மீறிச் சொன்னது தப்பாம். வேலை போச்சு, பென்சனுக்கு வேண்டிய வருஷமும் நெறையல. பேசினவனுக்குப் பென்சன் கெடையாது, பாத்துக்கிடும்."

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஜீப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. நானும் சிரித்தேன். அந்த வரி பின்னால் என் மேலேயே வந்து விழும் என்று யாருக்குத் தெரியும்?

மருந்துக் கம்பெனியிலும் உங்களை சீசனுக்கு சீசன்தான் எடுத்தார்கள். மழை வந்தால் சர்வீஸ் முறிந்துவிடும். கோடை வந்தால் மறுபடி முதல் நாள். நீங்கள் மனு மேல் மனு போட்டீர்கள். பழைய வருஷங்களைச் சேர்த்து, நிரந்தரமாக்கி, அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும் என்று. அந்த வருஷம் கம்பெனி இறங்கி வந்து இரண்டு நிபந்தனை போட்டது. உங்களால் ஒரு படி கீழே இறங்குகிற மணி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீசன் முடிகிற வரை உங்கள் பேரில் ஒரு ரிமார்க்கும் விழக்கூடாது. இரண்டும் நடந்தால் ஓய்வு பெறும்போது பென்சன். ஒன்று தவறினாலும் அறுபது வயதில் வெறுங்கை.

டீக்கடை பெஞ்சில் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. நான் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"சார், நீங்க சொல்றது நியாயமாக்கும். நான் இல்லேங்கலே. ஆனா அந்த நியாயம் என் தோள்மேலேன்னா ஏறி நிக்கறது?" என்றார் மணி.

"உம்ம தோள்ல ஏற எனக்கு ஆசையா வே? எனக்குன்னு இருந்த தரைய எடுத்துட்டாவளே."

"எடுத்தது நானா? நான் வரிசையிலே நின்னவனாக்கும். நாளைக்கு இன்னொருத்தர் வருவார், எனக்கும் பழைய வருஷம் இருக்கும்பார். அவருக்கும் இறங்கணுமா? அப்பறம் வரிசைன்னு எதுக்கு?"

மணி கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நீரு என்ன சொல்லுதீரு?" என்றீர்கள்.

"எனக்கு வரிசையே இல்லீங்களே சார். நானென்னத்தச் சொல்ல? இன்னொரு பன்னு சொல்லுங்க" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தீர்கள். பேச்சு அங்கே முடிந்தது.

கையெழுத்து விழுந்ததற்குக் காரணம் ஒரு மரக்கிளை. இரண்டொரு நாள் கழித்து நீங்கள் பள்ளத்திலிருந்து திரும்பி இறங்கியபோது, விமானத்தின் சக்கரத்தில் ரப்பர் மரத்தின் கிளை ஒன்று இலையோடு செருகியிருந்தது. நீங்கள் பார்க்காத மாதிரி நடந்து போய் பீடி பற்றவைத்தீர்கள். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. மணி குனிந்து அந்தக் கிளையை உருவி எடுத்தார். முறிந்த இடத்தில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. விரலில் ஒட்டிய பாலைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு நமக்கெல்லாம் சந்தோஷம். நான் டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்து, வீட்டில் திட்டு வாங்கினேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தின் அடியில் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது. செருப்புக்குள் புகுந்த சின்னக் கல் மாதிரி. எது என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கரும்பலகையில் மிஞ்சியிருந்தது இரண்டே பெயர். நாலாம் பிளாக், சமதரை. ஏழாம் பிளாக், மலை இடுக்கு. மூன்று பக்கமும் பாறை, ஒரு பக்கம் மட்டும் வாய். மத்தியானத்தில் பருந்துகூட அதற்குள் வட்டமிடுவதில்லை. ஒரு வாரமாகவே வானம் கெட்டுக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற மேக்காற்று தினமும் கொஞ்சம் முன்னதாகவே எழுந்தது. சித்தூர்ப் பக்கத்தில் கள் இறக்குகிறவர்கள் வெயில் ஏறினால் பனையில் ஏற மறுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். மலையின் தலை இரண்டு நாளாகத் தெரியவில்லை.

"முதல்ல நீங்க எடுங்கோ சார். இனி நீங்கதானே?" என்றார் மணி. குரலில் குத்தல் இல்லை. அதற்குத்தான் அவர் பாடுபட்டார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தீர்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், வாழ்க்கையில் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் முதலில் எடுக்கிறீர்கள் என்று. "நாலு" என்றீர்கள். "வரிசைன்னா வரிசைதானே வே?"

"அதேதான்" என்று சொல்லி மணி, ஏழாம் பிளாக்குக்கு எதிரில் தன் பெயரை எழுதினார். சாக்கட்டி ஒடிந்தது. கொட்டகை ஓலை படபடவென்று அடித்துக்கொண்டது.

காலையில் நாலாம் பிளாக்குக்கு வேறு கொடிக்காரன் போனான், நான் ஏழாம் பிளாக்கின் மேட்டில் கொடியோடு நின்றேன். மணி விடியற்காலையிலேயே வரவேண்டியவர். மருந்து ஏற்றுகிற பம்பு மக்கர் செய்து வெயில் ஏறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. மேட்டில் காற்றே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கீழே ரப்பர் மரங்கள் ஒரு இலையும் ஆடாமல், யாரோ சொல்லப்போவதைக் கேட்கிற மாதிரி நின்றன. சுள்ளெறும்பு வரிசை ஒன்று முட்டையைத் தூக்கிக்கொண்டு என் மூங்கிலில் ஏறிக்கொண்டிருந்தது.

ஜீப்பின் சத்தம் கேட்டது. நீங்கள்தான் ஓட்டி வந்தீர்கள். நாலாம் பிளாக்கை முடித்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தீர்கள். மேடேறி வந்து நின்றபோது உங்களுக்கு மூச்சு இரைத்தது.

"வந்துட்டானா?"

"இன்னும் இல்லீங்க சார். ஏனுங்க?"

"மேல இருந்து பாத்தேன் வே. பனையெல்லாம் சாயுது. இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க வந்துரும்." பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள். "அவன் இதுக்குள்ள ஒரு தடவகூட எறங்கினது கெடையாது, தெரியுமா உமக்கு? வருஷக்கணக்கா முதல்ல எடுத்தவன். எல்லாப் பள்ளமும் எனக்குத்தான வந்துச்சு. நியாயம் நியாயம்னு அடிச்சுக்கிட்டோமே, இத ஒருத்தனும் யோசிக்கலியே. நானே யோசிக்கலியே."

செருப்புக்குள் இருந்த கல் அதுதான் என்று அப்போது புரிந்தது.

விமானத்தின் சத்தம் கேட்டது. வடக்கே சின்னப் புள்ளியாகத் தெரிந்து, மூக்கைத் தாழ்த்தி, பள்ளத்தின் வாயை நோக்கித் திரும்பியது. கம்பெனியின் சட்டம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். காற்று சரியா இல்லையா என்று தீர்மானிக்கிற உரிமை அந்த விமானத்தில் இருக்கிற பைலட்டுக்கு மட்டும்தான். வேறு யாரும் தலையிடக் கூடாது. ஆனால் கொடி இல்லையென்றால் பைலட் இறங்கக் கூடாது என்பதும் சட்டம். நான் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். தூக்கிப் பிடிக்கத்தான் எனக்குக் கூலி.

நீங்கள் என் கையிலிருந்து மூங்கிலைப் பிடுங்கித் தரையில் சாய்த்தீர்கள். சாய்த்து அதன்மேல் காலையும் வைத்துக்கொண்டீர்கள்.

மணி பள்ளத்தின் வாய் வரை வந்துவிட்டார். கொடியைக் காணாமல் ஒரு கணம் இறக்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. பிறகு ஏறித் திரும்பினார். மறுபடி ஒரு சுற்று வந்தார். மூங்கிலை உங்கள் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நாம் பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தோம், களவாணிகள் மாதிரி. மூன்றாவது முறை வரவில்லை. சத்தம் வடக்கே தேய்ந்து போயிற்று.

அப்புறம்தான் வந்தது. சத்தம் முதலில், காற்று பின்னால். பாறைச் சரிவிலிருந்து கீழ்நோக்கி, யாரோ மலையின் மேலிருந்து பாறாங்கல்லை உருட்டுகிற மாதிரி. பள்ளத்தின் நடுவில் ரப்பர் மரங்கள் வரிசையாக முறிந்தன. படக், படக் என்று அந்த ஓசை நம் மேடு வரை கேட்டது. நீங்கள் காலை எடுத்ததும் கொடித் துணி மூங்கிலிலிருந்து பிய்த்துக்கொண்டு பள்ளத்துக்குள் பறந்தது. அது எங்கேயும் விழுந்ததை நாம் பார்க்கவில்லை.

காற்று அடங்கும் வரை பாறையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். "இவ்வளவு நாள் இதுக்குள்ளதான் வே போயிட்டு வந்தேன்" என்றீர்கள் கடைசியில். அதில் பெருமை இல்லை.

சாயங்காலம் கம்பெனி சூப்பரின்டென்ட் பாலக்காட்டிலிருந்து வந்தார். விமானத்தில் ஏற்றிய மருந்தையெல்லாம் தரிசில் கொட்டிவிட்டு மணி இறங்க வேண்டியதாகப் போயிற்று. ஏழாம் பிளாக் பாக்கி. வானம் கறுத்துவிட்டது, இனி அடிக்கவும் முடியாது. தோட்டத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். கொட்டகையில் எல்லோரையும் நிற்க வைத்து, "ஆரா கொடி தாழ்த்தியது?" என்று கேட்டார்.

நீங்கள் கரும்பலகையின் பக்கம் நின்றிருந்தீர்கள். உங்களைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அரை நிமிஷம்கூட இருக்காது. உங்கள் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. அந்த வாய்க்குள் என்னவெல்லாம் இருந்தது என்று எனக்குத் தெரியும். இன்னொரு பைலட்டின் ஓட்டத்தில் தலையிட்டவர் என்று ரிமார்க் விழும். நேற்று மேலே ஏறியவர் இன்றைக்கு மணியின் வேலையைக் கெடுத்தார் என்று பேச்சு வரும். பென்சன் போகும். மழைக்குள் இறங்காதே என்று முன்பு ஒரு முறை சத்தமாகச் சொன்னவர் நீங்கள். அதன் விலை உங்களுக்குத் தெரியும்.

"நானுங்க" என்றேன்.

"எந்தா காரணம்?"

"அட்டை கடிச்சுப்போடுச்சுங்க. சொல்லக்கூடாத எடத்துலைங்க. கொடியப் போட்டுட்டுக் குதிச்சுட்டனுங்க."

கொட்டகையே சிரித்தது. சூப்பரின்டென்ட்கூட மீசைக்குள் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நாளை முதல் வரவேண்டாம், அடுத்த சீசனுக்கும் வேண்டாம் என்றார். மணி சிரிக்கவில்லை. என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அட்டைக்கு ஒரு தேங்காய் உடைக்கணுமாக்கும்" என்றார்.

நீங்கள் வரவில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

என் சொந்த மானத்தை அட்டைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கொல்லங்கோடு சந்தையில் அடுத்த வருஷம் வரை என்னை "அட்டைக்காரரே" என்று கூப்பிட்டார்கள். என் மனைவி எந்த இடம் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அடுத்த கோடையில் கொடி பிடிக்க வேறு ஆள் வைத்தார்கள். நான் கடைமடைக்கே திரும்பினேன். தண்ணீர் வந்தால் விவசாயி, வராவிட்டால் வேடிக்கை பார்க்கிறவன். காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஓர் இருமல் வருகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், முன்பு என்ன வேலை பார்த்தீர் என்று கேட்டார். மேலே போகிறவர்களுக்கு வழி காட்டினேன் என்றேன். எனக்கு ஏதோ சாமி சம்பந்தப்பட்ட வேலை என்று நினைத்துக்கொண்டார்.

உங்களுக்குப் பென்சன் கிடைத்தது. சித்திரபுரத்துக்கே போய்விட்டீர்கள். ஒவ்வொரு வருஷமும் எடவப்பாதிக்கு முன்னால், அத்தனை மலையிறங்கி, பஸ் மாறி மாறி, ஒரு தேயிலைப் பொட்டலத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் வே" என்பீர்கள். அந்த வேலை என்ன என்று நான் கேட்டதில்லை. சாப்பிடுவீர்கள், குழந்தைகளோடு விளையாடுவீர்கள். பிள்ளைகளுக்குக் காகிதத்தில் விமானம் செய்து கொடுப்பீர்கள். புறப்படுகிற நேரத்தில், "அன்னைக்கு..." என்று தொடங்குவீர்கள். நான் உடனே அட்டை கதையை எடுத்துவிடுவேன். வருஷத்துக்கு வருஷம் அந்த அட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பாம்பு அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் சிரிப்பீர்கள், பேச்சு மாறிவிடும், பஸ் வந்துவிடும்.

நீங்கள் சொல்லவந்ததைச் சொல்லவிடாமல் தடுத்தேனா, அல்லது நான் தடுப்பேன் என்று தெரிந்துதான் நீங்கள் தொடங்கினீர்களா என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டு பேருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

போன வருஷம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். நீங்கள் இளைத்திருந்தீர்கள். மேக்காற்று எழுந்து உங்கள் சட்டை படபடவென்று அடித்தது. நீங்கள் அந்தப் படபடப்பைக் குனிந்து பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஓலைக் கொட்டகைதான் நினைவுக்கு வந்திருக்கும்.

"மாசாமாசம் பென்சன் வாங்கும்போதெல்லாம் ஒம்ம அட்டை ஞாபகம்தான் வே வருது" என்றீர்கள்.

"அப்போ அட்டைக்கும் ஒரு பங்கு எழுதி வெச்சிருங்க சார்" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை, முதல் முறையாக. பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தீர்கள். அன்று கரும்பலகையின் பக்கத்தில் திறந்த அதே வாய் மறுபடி திறந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

சம்பந்தம் முடிவாகிவிட்டது சார். காப்பி கறை பட்ட சட்டையோடேயே தட்டு மாற்றிக்கொண்டோம். தை மாதம் கல்யாணம். அப்புறம் மகளைக் குடிவைக்க நான் சித்திரபுரம் வருவேன். அந்தப் பழைய மூங்கில் இன்னும் எங்கள் அடுப்படி விட்டத்தில் புகையேறிக் கிடக்கிறது. புளி உலுக்கத்தான் எடுப்பேன். அதைக் கையில் பிடித்தால் தலைக்கு மேலே தூக்கத் தோன்றுகிறது. தூக்கினால், இன்னொரு கை வந்து பிடுங்குமோ என்று தோள் இறுகுகிறது. இருமல் வேறு.

நீங்கள் அந்தக் கொடியை இறக்கியது சரி. இன்றைக்கும் யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். மணி உயிரோடு இருக்கிறார். நான் "நானுங்க" என்று சொன்னதும் என் இஷ்டம்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. இவ்வளவையும் சிரித்துக்கொண்டே உங்களிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று சொல்லாமல் விழுங்கியது ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்குக் கொட்டகையில் நான் சொன்ன பிறகாவது, நீங்கள் சொல்லியிருக்கலாம், சார்.